23 ஓடுகளும் ஒரு மின்விசிறியும்

பி.ஏ. வரலாறு படிக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் அடுத்த கேள்வி "டி.என்.பி.எஸ்.சி.க்கா?" என்பதுதான். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கோடையில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று கல்லூரியில் சொன்னபோது, பி.காம். பிள்ளைகள் ஆடிட்டர் ஆபீஸ்களுக்குக் கிளம்பினார்கள். பி.சி.ஏ. பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. எங்கள் வகுப்புக்குத்தான் எங்கே போவதென்று தெரியவில்லை. நானும் தோழி ஒருத்தியும் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போய்க் கடிதம் கொடுத்தோம். அவளுக்கு நடுவில் அக்கா கல்யாணம் வந்துவிட்டது. ஆக, 2025 மே மாதம் முழுவதும் நான் மட்டும் போய் வந்தேன்.

தாத்தாவிடம் சொன்னதும், "செத்த காலேஜுக்கா?" என்று சிரித்தார். அவர் இளவயதில் சென்னையில் வேலை பார்த்தவர். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். எங்கள் மாவட்டத்துச் செத்த காலேஜ் மிகச் சிறியது. ஒரு கூடம், இரண்டு அறை, வாசலில் வெயிலில் காயும் கற்சிலைகள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாடம் செய்த விலங்குகள் முன்னால்தான் நிற்பார்கள்.

கல்வெட்டு படிக்கச் சொல்வார்கள், செப்புத் திருமேனியைத் துடைக்கச் சொல்வார்கள் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். காப்பாட்சியர் மேடம் என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே ஸ்வீட் பாக்ஸ்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ, அடுக்கடுக்காக. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காடாத்துணிப் பை, பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பானை ஓடுகள். ரப்பர் பேண்டுகள் இறுகி, ஓட்டோடு ஒட்டி, தொட்டால் பொடிந்தன.

"இதுக்கெல்லாம் நம்பர் எழுதணும்மா. எழுதி, போட்டோ எடுத்து, நல்ல பெட்டியில வைக்கணும். உனக்கு ஒரு மாசம் சரியா இருக்கும்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

முதல் மூன்று நாளும் ஓட்டைத் தொட விடவில்லை. பதிவேட்டைப் படி என்றார். கெட்டி அட்டை போட்ட, இரண்டு கை அகல நோட்டு. ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்குள் வந்தால் முதலில் இதில்தான் ஏறும்: எண், தேதி, என்ன பொருள், எங்கே கிடைத்தது, எப்படி வந்தது, அளவு, குறிப்பு. 'எப்படி வந்தது' என்ற பத்தியை மட்டும் படித்தாலே பொழுது போய்விடும். அன்பளிப்பு, விலைக்கு வாங்கியது, வட்டாட்சியர் ஒப்படைத்தது. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் புதையலுக்கு இன்றும் 1878ஆம் ஆண்டுச் சட்டம்தான். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை யாரும் மாற்றவில்லை. இன்றைக்கு அது ஒரு டீக்குத்தான் காணும்.

எழுத்துதான் மல்லுக்கட்டியது. எனக்குத் தந்த பக்கங்கள் 1994, 95ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. 1978இலேயே எழுத்துச் சீர்திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கங்களை எழுதியவர் பழைய கையை விடவில்லை. லை, னை எல்லாம் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. 'பானை' என்ற சொல்லையே முதல் நாள் இரண்டு முறை தவறாகப் படித்தேன். ஒரு வரியில் ஒரு சொல் கடைசிவரை பிடிபடவில்லை, பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்தேன். (பேனா கூடாது. பதிவேட்டுப் பக்கத்தில் மட்டுமல்ல, அந்த அறைக்குள்ளேயே பென்சில்தான்.)

நான்காம் நாள் மூன்று பைகள் என் மேசைக்கு வந்தன. 12/94: ஒரு ஏரிக்கரையில் பொறுக்கிய 8 ஓடுகள். 13/94: ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் கிடைத்த 9. இந்த இரண்டும் ஒரு பள்ளி ஆசிரியர் அன்பளிப்பு. 21/95: கிணறு வெட்டும்போது கிடைத்த 6. ஆக மொத்தம் 23. ஊர்ப் பெயர்களை இங்கே எழுதவில்லை, மேட்டுக்காட்டில் இப்போதும் ஆட்கள் குழி தோண்டுகிறார்களாம்.

பாதிக்கு மேல் கறுப்பு-சிவப்பு ஓடுகள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக மனப்பாடம் செய்ததைக் கையில் வைத்துப் பார்ப்பது வேறு. வெளியே செம்பழுப்பு, உள்ளேயும் வாய் விளிம்பிலும் கறுப்பு. பூசிய கறுப்பு இல்லை, சூளையில் வந்தது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகாமல் கறுத்தது, வெளியே காற்றுப்பட்டுச் சிவந்தது என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். உடைந்த விளிம்பை லென்சில் பார்த்தால் அந்தக் கறுப்பு எங்கே நின்று சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். வெட்டிய கேக் மாதிரி.

இரண்டு ஓடுகளில் கீறல் குறிகள் இருந்தன. ஒன்று அம்பு. இன்னொன்று ஏணி, இரண்டு நெடுங்கோடு, நடுவில் நான்கு படி. சுடுவதற்கு முன்பு ஈரக் களிமண்ணில் கீறினால் கோட்டின் இரு கரையிலும் மண் லேசாகப் புடைத்து நிற்கும். சுட்ட பிறகு கீறினால் கரை பொரிந்து, சில்லுச் சில்லாக உதிர்ந்திருக்கும். எங்களுடைய இரண்டும் சுட்ட பிறகு கீறியவை. வாங்கியவரோ வைத்திருந்தவரோ ஆணி மாதிரி எதையோ வைத்து அழுத்திக் கீறியிருக்கிறார். ஏணியின் மூன்றாவது படியில் கை வழுக்கி, கோடு வெளியே ஓடியிருக்கிறது. அந்த வழுக்கலை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலக உதவியாளர் அண்ணன் ஒருவர் இருந்தார். பானைக் கீறல்களைச் சிந்துவெளி எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த எழுத்தைப் படித்துக் காட்டுகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று அந்த ஜனவரியில் முதல்வர் அறிவித்ததிலிருந்து, கீறல் உள்ள ஓட்டை யார் கையில் எடுத்தாலும் அவருக்குக் குஷி. தினமும் டீ வைக்கும்போது, "என்ன பாப்பா, படிச்சிட்டியா? எனக்குப் பாதி" என்பார்.

எண் எழுதுவது எளிய வேலை என்றுதான் நினைத்தேன். மார்க்கரை எடுத்து எழுத வேண்டியதுதானே? மேடம் முதலில் தோட்டத்திலிருந்து உடைந்த பூந்தொட்டியைக் கொண்டுவரச் சொன்னார். "ரெண்டு நாள் இதுல எழுதிப் பழகு."

ஓடு மை குடிக்கும். நேரடியாக எழுதினால் உள்ளே இறங்கிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. அதனால் முதலில் ஒரு மெல்லிய படலம், அதன்மேல் எழுத்து, எழுத்தின்மேல் இன்னொரு படலம். படலத்துக்கு பாரலாய்ட் பி-72. கண்ணாடிக் கல்கண்டு மாதிரி இருக்கும் ஒரு அக்ரிலிக் பிசின், அசிட்டோனில் கரையும். எப்போது வேண்டாம் என்றாலும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. 20 கிராம் பிசின், கரைசல் 100 மில்லி வருமளவுக்கு அசிட்டோன். அப்படியே கொட்டினால் அடியில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடை காஸ் துணியில் முடிந்து, பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டிலுக்குள் நூலில் தொங்கவிட்டு மூடினோம். மறுநாள் காலையில் துணி காலி, பாட்டிலில் தேன் பதத்துக்குக் கொஞ்சம் முந்திய திரவம். நெயில் பாலிஷ் எடுக்கும் திரவத்தில் இருப்பதும் அசிட்டோன்தானே என்று கேட்டேன். அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பார்கள், அதைக் கொண்டு வராதே என்றார். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் இந்த வேலை. அப்படியும் முதல் நாள் மாலை தலைவலி.

பூந்தொட்டி ஓட்டில் படலம் பூசி, காயவிட்டு, பர்மனென்ட் மார்க்கரால் அழகாக எழுதினேன். மேல்படலம் பூசினேன். எழுத்து மொத்தமும் ஊதாக் குழம்பாகப் பிரஷ்ஷோடு வந்தது. பர்மனென்ட் என்பதெல்லாம் தண்ணீருக்குத்தான், அசிட்டோனுக்கு இல்லை. அடுத்து ஜெல் பேனா. அதுவும் போயிற்று. கடைசியில் கைகொடுத்தது கரி கலந்த இந்தியன் இங்க்கும் தொட்டு எழுதும் நிப்பும்தான். அதிலும் மேல்படலத்தை ஒரே இழுப்பில் பூசிவிட வேண்டும். திரும்பி வந்து தேய்த்தால் அடிப்படலமும் இளகி எழுத்து கலையும். கறுப்பு ஓட்டின் உட்புறத்தில் கறுப்பு மை தெரியாது, அதற்கு வெள்ளை அக்ரிலிக் மை.

எங்கே எழுதுவது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. உடைந்த விளிம்பில் எழுதக் கூடாது, நாளைக்கு இன்னொரு ஓடு அங்கே பொருந்தலாம். குறியின் பக்கத்தில் கூடாது. உட்புறத்தில், ஓரமாக, மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குள். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும் என்று பள்ளியில் பெயர் வாங்கியவள் நான். மூன்று மில்லிமீட்டரில் '13/94-7' எழுத எட்டாவது பூந்தொட்டி ஓட்டில்தான் முடிந்தது.

இடையிடையே வேறு வேலைகளும் வந்தன. செப்புத் திருமேனிகளின் பேழைக்குள் சிலிகா ஜெல் கிண்ணங்கள் இருக்கும். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால் எடுத்துச் சூடாக்கி மீண்டும் நீலமாக்க வேண்டும். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது. அதனால் சமையல் பாத்திரம் அந்தப் பக்கமே வரக் கூடாது. கோடை விடுமுறைக் கூட்டம் வந்தால் கூடத்தில் நிற்க வேண்டும். ஒரு பையன் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த கற்கோடரியைக் காட்டி, "இது சும்மா கல்லுதானே?" என்றான். என்னிடம் பதில் இல்லை. மேடம்தான் அவனுக்கு ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் கதையைச் சொன்னார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது மனிதன் செதுக்கியது என்று கண்டுகொண்டவர். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு பொறுக்கியதையெல்லாம் 1904இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விற்றார். எந்தக் கல் எந்த ஊரில் என்று எழுதி வைத்தார், அதனால்தான் இன்றைக்கும் அது பயன்படுகிறது, இல்லாவிட்டால் நீ சொல்வது மாதிரி சும்மா கல்தான் என்றார். பையன் அதற்குள் புலிப் பக்கம் போய்விட்டான். நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டும் என்ன, நான்கே நாளில் எந்த ஓடு எந்த ஊர் என்பதையே கலைத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை முடிந்து சனிக்கிழமை. இன்றைக்கு 23 ஓட்டையும் படம் எடுத்து முடித்துவிடுவது என்று திட்டம். ஓடுகளின் மேல் 1990களில் ஒட்டிய ஸ்டிக்கர் எண்கள் இருந்தன. பசை காய்ந்து, ஓரம் சுருண்டு, தொங்கிக்கொண்டு. காலையில் அவற்றையெல்லாம் அசிட்டோன் பஞ்சால் உரித்தேன். பசை ஓட்டில் தங்கினால் கறை பிடிக்கும். உரித்த இடத்தில் புதிதாக எண் எழுத வேண்டியதுதான் பாக்கி. அதுவரைக்கும் ஒவ்வொரு எண்ணையும் சின்னக் காகிதச் சீட்டில் எழுதிக்கொண்டேன்.

'ஒரு நேரத்தில் ஒரு பை' என்பது முதல் நாளே மேடம் சொன்ன விதி. அன்று மூன்று பைகளையும் ஒன்றாகப் பிரித்தேன். அதோடு நிற்கவில்லை. கேமரா ஸ்டாண்டை அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டாமே என்று 23 ஓட்டையும் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக அடுக்கினேன். ஏரிக்கரை, மேட்டுக்காடு, கிணறு எல்லாம் கலந்து. சீட்டை ஓட்டின்மேல் வைத்தால் படத்தில் மறைக்கும், அதனால் ஓட்டுக்கு முன்னால் வைத்தேன். நண்பகலிலிருந்து கரன்ட் இல்லை. ஸ்டிக்கர் வேலை முடிந்ததும் தூசிக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிட்டேன். வியர்வை வழிந்தாலும், காற்றில்லாததால் சீட்டுகள் வைத்த இடத்தில் ஆடாமல் நின்றன. வசதியாகப் போயிற்று என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பதினோராவது ஓட்டைப் படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கரன்ட் வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி, ரெகுலேட்டர் ஐந்தில்.

சீட்டுகள் எழுந்து பறந்ததை வர்ணிக்க விருப்பமில்லை. ஒன்று என் தலைமுடியில் சிக்கியிருந்தது. அதில் 21/95-2 என்று எழுதியிருந்தது.

ஓடிப் போய் விசிறியை நிறுத்திவிட்டு, குனிந்து சீட்டுகளைப் பொறுக்கி, நினைவில் இருந்தபடி ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தேன். நான்கைந்து வைத்திருப்பேன். சத்தம் கேட்டு மேடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "கையை எடு. எதையும் வைக்காதே. முதல்ல மேசையை அப்படியே ஒரு போட்டோ எடு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நினைவு இருக்குன்னு நீ நினைக்கிறதுதான் இப்போ ஆபத்து."

அன்று மாலையே குப்பைக் கூடையைக் கவிழ்த்து, உரித்த ஸ்டிக்கர்களைத் தேடினேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு உருண்டையாகக் கிடந்தன. பால்பாயிண்ட் மை அசிட்டோனில் கரைந்து நீலத் திட்டாகியிருந்தது. ஒன்றையும் படிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மறுநாள் போக வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

சரி, இனி சரிசெய்த கதை.

படம் எடுத்த 11 ஓடுகளில் பிரச்சினை இல்லை, சீட்டோடு சேர்த்துப் படத்தில் இருந்தன. மிச்சம் 12. எண் கணக்குப்படி அவற்றில் ஏரிக்கரை 3, மேட்டுக்காடு 5, கிணறு 4 இருக்க வேண்டும். எது எது?

நல்ல காலம், ஓடுகளை நான் இன்னும் கழுவவில்லை. மென்பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டியிருந்தேன். உடைந்த விளிம்பின் துளைகளில் மண் ஒட்டியிருந்தது. ஏற்கெனவே உறுதியான 11 ஓடுகளை ஊர்வாரியாகப் பிரித்து லென்சில் பார்த்தேன். ஏரிக்கரை ஓடுகளில் சாம்பலும் கறுப்புமான வண்டல், நகத்தால் தொட்டால் வழவழக்கிறது. மேட்டுக்காட்டு ஓடுகளில் செம்மண், சிறு சரளையோடு. கிணற்று ஓடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு, சில்வர் பானை அடியில் உப்புத் தண்ணீர் படியுமே அது மாதிரி. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு 12 ஓட்டையும் ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்தேன். வண்டல் 3. செம்மண் 4. சுண்ணாம்பு 2. மீதி மூன்று ஓடுகளை யாரோ எப்போதோ சுத்தமாகக் கழுவியிருக்கிறார்கள். அந்த ஆளின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, என் தவறு அதில் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

மண் மட்டும் போதாது, பதிவேடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார் மேடம். ஒவ்வொரு எண்ணுக்கும் பதிவேட்டில் ஒரு வரி வர்ணனை உண்டு. ஏரிக்கரை மூன்றும் உடனே அமர்ந்தன: ஒன்றில் ஏணிக் குறி, ஒன்று அடிப்பகுதி, ஒன்று வாய்ப்பகுதி. கிணற்று இரண்டில் ஒன்று கெண்டியின் மூக்கு, தப்பவே வழியில்லை. இன்னொன்று வாய்ப்பகுதி, 'சுற்றளவு பெரியது' என்று மட்டும் குறிப்பு. அதற்கு ஒரு சார்ட் தேவைப்பட்டது. தம்பியின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துவந்து, பெரிய தாளில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அரைவட்டங்கள் போட்டேன். வாய் விளிம்பைத் தாளில் கவிழ்த்து வைத்து, அடியில் வெளிச்சம் கசியாத வரைக்கும் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து, எந்த வட்டத்தோடு வளைவு ஒட்டிப் போகிறது என்று பார்க்க வேண்டும். 28 செ.மீ. விட்டம். எங்கள் வீட்டுச் சோற்றுக் குண்டானைவிடப் பெரிய வாய். உள்ளங்கையில் அடங்குகிற துண்டிலிருந்து முழுப் பானையின் வாய் தெரிந்துவிடுகிறது. பள்ளியில் வட்டத்தின் நாண், வில் என்று படித்ததற்கு முதல் முறையாக ஒரு காரணம் கிடைத்தது.

செம்மண் நான்கில் ஒன்று மூடியின் குமிழ். இரண்டு வயிற்றுப் பகுதிகள், அளவு வேறு வேறு, காலிபரில் வைத்ததும் பிரிந்தன. நான்காவது ஓட்டுக்குப் பொருந்தும் வரி கிடைக்கவில்லை. மிச்சமிருந்த வரிகளில் ஒன்று நான் கேள்விக்குறி போட்டு விட்டிருந்தது. போனில் படம் எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் கூப்பிட்டார். "அலைக்கோடுன்னு எழுதியிருக்கு. இதுகூடப் படிக்கத் தெரியலையா உங்க காலேஜ்ல?" ஓட்டைச் சாய்த்துப் பக்கவாட்டில் போன் டார்ச்சை அடித்தேன். மேலிருந்து பார்த்தால் வெறும் சிவப்பாக இருந்த இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் மூன்று அலைக்கோடுகள் எழுந்து நின்றன. சீப்புப் பல்லால் ஈர மண்ணில் இழுத்தது போல.

ஒன்பது முடிந்தது. கழுவப்பட்ட மூன்று மிச்சம். கணக்குப்படி மேட்டுக்காடு ஒன்று, கிணறு இரண்டு.

அவற்றில் ஒன்று கறுப்பு-சிவப்பு வாய்ப்பகுதி. உறுதியான கிணற்று ஓடுகளோடு ஒவ்வொன்றாக விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தேன். ஓடுகள் பொருந்துவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரியும். தள்ளினால் நகராது, பல்லில் பல் மாட்டியது போல நிற்கும். மேலே நகத்தை ஓட்டினால் தட்டாது. 21/95-1 என்ற ஓட்டோடு அது அப்படி நின்றது. எங்கேயோ ஒரு கிணற்றின் அடியில் உடைந்த இரண்டு துண்டு. பசை போடவில்லை. மணல் நிரப்பிய தட்டில் செங்குத்தாகக் குத்தி வைத்து, அந்த வடிவத்திலேயே படம் எடுத்தோம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஜோக் எதுவும் அடிக்காமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கடைசி இரண்டு. இரண்டும் வயிற்றுப் பகுதி, இரண்டும் சிவப்பு, தடிமனிலும் பேர் சொல்லும்படி வித்தியாசமில்லை. பதிவேட்டில் மிச்சமிருந்த எண்கள் 13/94-7, 21/95-4. இரண்டுக்கும் எதிரே ஒரே வர்ணனை: 'வயிற்றுப் பகுதி, சிவப்பு, 2 அங்குலம்.' இரண்டு நாள் பார்த்தேன். சாய்ந்த வெளிச்சம், லென்ஸ், மற்ற ஓடுகளின் விளிம்புகள் எல்லாம் பார்த்தாயிற்று. சற்றே பெரியது மேட்டுக்காட்டு ஓடு போலத்தான் எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

"ஏன் தோணுது?"

காரணம் சொல்லத் தெரியவில்லை.

"அப்போ எழுதாதே."

மற்ற 21 ஓடுகளிலும் எண் எழுதினேன். ஒரு நேரத்தில் ஒரு பை, ஒரு நேரத்தில் ஒரு ஓடு. படலம், எழுத்து, படலம், காய்ந்த பிறகே அடுத்தது. மூன்று நாள் ஆயிற்று. பெட்டிகளுக்கு மெத்தைக் கடையில் பேக்கிங்குக்கு வரும் வெள்ளை ஃபோம் ஷீட் வாங்கினோம். பட்டைகளாக வெட்டி, பாதி ஆழம் கீறல் போட்டு, ஒன்றில் ஒன்று செருகினால் பசையே இல்லாமல் கட்டம் கட்டமாக நிற்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு ஓடு. ஸ்வீட் பாக்ஸ்களை அண்ணன் கொண்டுபோனார். முப்பது வருஷமாகியும் ஒன்றில் நெய் வாசனை இருந்தது என்று சத்தியம் செய்தார். விசிறி சுவிட்சின் மேல் அவரே இன்சுலேஷன் டேப்பைக் குறுக்காக ஒட்டியிருந்தார், 'பாப்பா வேலை செய்யும்போது போடாதே' என்று எழுதி. மிச்ச நாள்களை வியர்வையிலேயே கழித்தேன்.

கடைசி நாள் மேடம் பதிவேட்டின் 'குறிப்பு' பத்தியைத் திறந்து, அந்த இரண்டு எண்களுக்கு எதிரே என்னையே எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'மே 2025. புகைப்படம் எடுக்கும்போது மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் கலைந்தன. 13/94-7, 21/95-4 ஆகிய இரண்டில் எது எது என உறுதி செய்ய இயலவில்லை.'

"மின்விசிறின்னு போடணுமா மேடம்? 'எதிர்பாராத விதமாக'ன்னு போட்டுக்கலாமே?"

"போடு. முப்பது வருஷம் கழிச்சு இன்னொரு பிள்ளை வந்து உட்கார்ந்து, ஏன்னு தெரியாம மண்டையை உடைச்சுக்கும்."

கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் என்னையும் போடச் சொன்னார்.

அந்த இரண்டு ஓடுகளும் இப்போது ஒரே பெட்டியில் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கின்றன. எண் இல்லை. பென்சிலால் எழுதிய சீட்டு மட்டும், இந்த முறை ஓட்டுக்கு அடியில்: ஒன்றில் அ, ஒன்றில் ஆ.